வெறுங்காலின் வரலாறு

மண்ணை மிதித்து நடத்தல் உடலுக்கு நலந்தரும் என்னும் கருத்து இன்று உலகின் பெருநகரங்களிற் புதியதொரு வழிபாடு போலப் பரவி வருகின்றது. காலணியைக் கழற்றிவிட்டுப் பனி படிந்த புல்லில் நடத்தல், கடற்கரை மணலில் வெறுங்காலை ஊன்றி நிற்றல், தோட்டத்து மண்ணைக் கையால் அளைதல், மரத்தடியில் வெறுநிலத்திற் படுத்துறங்குதல் ஆகியன உடற்பிணியையும் மனச்சோர்வையும் ஒருங்கே தீர்க்கும் என்கின்றனர். இயந்திரங்களின் இரைச்சலிலும் சீமந்துச் சுவர்களின் நடுவிலும் வாழ்நாளைக் கழிப்போர் மண்ணின் தண்மைக்கு ஏங்குவது இயல்பே. அவ்வேக்கத்தை எள்ளி நகையாடுதல் எமது நோக்கமன்று.

ஆயினும், வரலாற்றை மக்களின் பக்கம் நின்று நோக்க விழையும் நாம் ஒரு வினாவை எழுப்பாது அப்பாற் செல்லுதல் இயலாது. வெறுங்கால் என்பது எல்லோர்க்கும் ஒன்றா? செருப்பு உள்ளவன் அதனைக் கழற்றி வைத்துவிட்டு மண்ணை மிதிப்பது ஒரு நிலை. செருப்பு வாங்க வகையில்லாதவனும், வாங்கினும் அதனை அணிய அனுமதிக்கப்படாதவனும் மண்ணை மிதிப்பது மற்றொரு நிலை. இவ்விரு வெறுங்கால்களின் வரலாறும் கடந்த ஒன்றரை நூற்றாண்டுக் காலமாக ஒன்றையொன்று காணாது அருகருகே நடந்து வந்துள்ளன. அவற்றை ஒருங்கு வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் முயற்சி.

ஆலைப்புகையும் பனிப்புல்லும்

மண்ணை மிதித்து நோய் தீர்க்கும் முறை நவீன காலத்தில் ஓர் இயக்கமாக உருப்பெற்ற நாடு ஜேர்மனி. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அந்நாடு வியக்கத்தக்க வேகத்திற் கைத்தொழில் நாடாக மாறியது. நிலத்தை விட்டு நகரத்துக்கு வந்த உழவர் குடும்பங்கள் வெளிச்சமும் காற்றும் புகாத வாடகைக் குடியிருப்புகளில் அடைபட்டன. காசநோய் அக்குடியிருப்புகளை விட்டு அகலாது தங்கிற்று. நடுத்தர வர்க்கத்தினரோ அலுவலகங்களில் அமர்ந்து நரம்புத்தளர்ச்சிக்கு ஆளாயினர். இயற்கைக்குத் திரும்புவோம் என்ற குரல் இச்சூழலிலேதான் வலுப்பெற்று எழுந்தது.

அக்குரலின் பெரும் பிரசாரகர்களுள் ஒருவர் செபஸ்தியான் க்னைப். பவேரியாவில் 1821ஆம் ஆண்டு ஏழை நெசவாளி ஒருவரின் மகனாகப் பிறந்து கத்தோலிக்கக் குருவானவர் அவர். இளமையில் நெஞ்சுநோய் கண்டு தளர்ந்திருந்தபோது, குளிர்நீர்ச் சிகிச்சை பற்றிய பழைய நூலொன்றைப் படித்து, டான்யூப் நதியின் குளிர்நீரில் மூழ்கியெழுந்து தாம் குணமடைந்ததாக அவர் நம்பினார். பின்னர் வூரிஸ்ஹோபன் என்னும் சிற்றூரிற் பணியாற்றியபடி நோயாளருக்கு வழிகாட்டினார். 1886இல் அவர் வெளியிட்ட 'எனது நீர்ச்சிகிச்சை' என்னும் நூல் அவர் பெயரை ஐரோப்பா எங்கும் கொண்டு சென்றது. பனித்துளி படிந்த புல்லிலும், ஈரக் கற்களிலும், புதிதாகப் பெய்த வெண்பனியிலும் வெறுங்காலோடு சிறிது நேரம் நடக்குமாறு அவர் பணித்தார். முதலில் ஏழைகள் வந்தனர். புகழ் பரவியபின் பிரபுக்களும் வந்தனர். கிராமத்து ஏழைப் பிள்ளைகள் சப்பாத்து இல்லாத காரணத்தாற் செய்து வந்ததை, நகரத்துச் சீமான்கள் மருத்துவம் என்று கருதிச் செய்யத் தலைப்பட்டனர்.

க்னைப் நீரை முதன்மைப்படுத்தினார். அடோல்ப் யூஸ்ற் மண்ணை முதன்மைப்படுத்தினார். 1859இற் பிறந்த யூஸ்ற் புத்தக வியாபாரியாக இருந்தவர். நரம்புநோயால் வருந்திய அவர், 1896ஆம் ஆண்டில் 'இயற்கைக்குத் திரும்புங்கள்' என்னும் நூலை வெளியிட்டதுடன், ஹார்ஸ் மலைச்சாரலில் 'யுங்போர்ன்' என்ற சிகிச்சை நிலையத்தையும் நிறுவினார். இளமையூற்று என்பது அப்பெயரின் பொருள். அங்கு நோயாளர் காற்றும் ஒளியும் புகும் மரக்குடில்களில் தங்கினர், வெறுங்காலோடு நடந்தனர், நிலத்தோடு உடல் படப் படுத்தனர், ஈரமண்ணை வயிற்றிலும் புண்களிலும் வைத்துக் கட்டினர். பிராக் நகரத்து எழுத்தாளர் பிரான்ஸ் காவ்கா 1912 ஜூலை மாதத்தில் இந்நிலையத்தில் தங்கியிருந்தார். தொழிலாளர் விபத்துக் காப்புறுதி நிறுவனத்தில் உத்தியோகம் பார்த்தவர் அவர். ஆலை இயந்திரங்களில் விரலையும் கையையும் இழந்தவர்களின் விண்ணப்பங்களை ஆண்டெல்லாம் படித்தவர் விடுமுறைக்கு யுங்போர்ன் சென்றார். விண்ணப்பம் எழுதியவர்களுக்கோ அவ்வாறான விடுமுறை ஏது?

உழைக்கும் மக்களுக்கு மண்ணின்மேல் ஏக்கம் இருக்கவில்லை என்று கருதிவிடலாகாது. லைப்சிக் நகரில் 1864இல் அமைக்கப்பட்ட ஷ்ரேபர் சங்கம் பிள்ளைகள் விளையாட நிலம் ஒன்றை ஏற்படுத்தியது. அதன் ஓரங்களிற் பிள்ளைகளுக்கென வகுத்த பாத்திகள் நாளடைவிற் குடும்பத் தோட்டங்களாயின. அத்தகைய சிறுதோட்டங்கள் ஜேர்மன் நகரங்களிற் பரவியபோது, ஆலைத் தொழிலாளரும் ஓய்வு நாளிற் கிழங்கும் கீரையும் பயிரிட்டு மண்ணிற் கை நனைத்தனர். சீமான் மண்ணை மருந்தாகத் தேடினான். தொழிலாளி அதனை உணவாகவும் ஓய்வாகவும் சேர்த்துத் தேடினான். இருவருக்கும் மண் தேவைப்பட்டது என்பதும், அதனை இருவரிடமிருந்தும் பறித்தது ஒரே பொருளாதார அமைப்பு என்பதும் இங்கு நினைவிற் கொள்ளத்தக்கன.

அவ்வமைப்பு, தான் பறித்ததைத் திருப்பி விற்கவும் அறிந்திருந்தது. 1918இல் யூஸ்ற் 'குணமாக்கும் மண்' என்ற பெயரில் நுண்மண்ணைப் பொதி செய்து விற்கும் நிறுவனத்தைத் தொடங்கினார். விலையின்றிக் காலடியிற் கிடப்பது என்று புகழப்பட்ட மருந்து விலைச்சீட்டோடு கடைக்கு வந்தது.

அதனினும் கொடியதொரு திருப்பம் பின்னர் நேர்ந்தது. மண்ணின்மேல் மக்கள் கொண்ட பற்றை நாஜிகள் தமது கருவியாக்கினர். 'குருதியும் மண்ணும்' என்பது அவர்களின் முழக்கங்களுள் ஒன்று. வேளாண்மை அமைச்சர் வால்தர் டாரே அதன் முதன்மைப் பிரசாரகர். 1933 செப்டெம்பரில் இயற்றப்பட்ட பரம்பரைப் பண்ணைச் சட்டம், ஜேர்மனிய அல்லது அதற்கு இனமான குருதியுடையோரே உழவர் எனப்படுவர் என வரையறுத்தது. யூதர்கள் அவ்வரையறைக்கு வெளியே தள்ளப்பட்டனர். மண் எல்லோர்க்கும் தாய் என்று தொடங்கிய பேச்சு, இம்மண் எமக்கு மட்டுமே தாய் என்று முடிந்தது. நீதியுணர்வு இல்லாத மண்பற்று எங்கு கொண்டு சேர்க்கும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை. யுங்போர்னின் முடிவும் இவ்வரலாற்றோடு ஒட்டியதே. போருக்குப்பின் கிழக்கு மேற்கு ஜேர்மனிகளின் எல்லைக்கோடு அப்பள்ளத்தாக்கின் வழியே சென்றது. அந்நிலையத்தின் கட்டடங்கள் இடிக்கப்பட்டன. மனிதர் வெறுங்காலோடு உலாவிய புல்வெளி, கால் வைக்கத் தடைசெய்யப்பட்ட நிலமாயிற்று.

மண்கட்டும் செருப்பும்

யூஸ்ற் எழுதிய நூல் கடல் கடந்து தென்னாபிரிக்காவை அடைந்தது. ஜொகனஸ்பேர்க் நகரில் வழக்கறிஞராக இருந்த காந்தியின் கையில் நண்பர் ஒருவர் மூலம் அது கிடைத்தது. மலச்சிக்கலாலும் தலைவலியாலும் வருந்திய காந்தி, ஈரமண்ணைத் துணியிற் பரப்பி வயிற்றிற் கட்டிக்கொண்டு பயன் கண்டதாகத் தம் சுயசரிதையில் எழுதியுள்ளார். கப்பலிற் கை முறிந்து வந்த தம் மகன் இராமதாசுக்கும் மண்கட்டே போட்டார். 1942இல் ஆகாகான் மாளிகைச் சிறையில் இருந்தபோது உடல்நலம் பற்றி அவர் எழுதிய சிறுநூலிலும் மண் ஒரு மருந்தாக இடம் பெற்றது. 1946இல் புனே நகருக்கு அருகிலுள்ள உருளிகாஞ்சன் கிராமத்தில் இயற்கை வைத்திய நிலையம் தொடங்கப்படவும் அவரே காரணர்.

காந்தியின் மருத்துவ நம்பிக்கைகள் யாவற்றையும் நாம் ஏற்கவேண்டியதில்லை. ஆயின், அவரிடத்துக் காணப்படும் ஒரு முழுமை எமது கவனத்துக்குரியது. மண்ணை வயிற்றிற் கட்டிய அதே மனிதர் செருப்புத் தைக்கவும் கற்றார். அவருடைய நண்பர் கலன்பாக் மரியன்ஹில் துறவிமடத்திற் செருப்புத் தைக்கும் தொழிலைப் பயின்று வந்தார். 1910இல் தொடங்கிய தோல்ஸ்தோய் பண்ணையில் அதனைக் காந்தியும் பிறரும் அவரிடமிருந்து கற்றுக்கொண்டனர். சிறையில் தாம் தைத்த செருப்புச் சோடி ஒன்றை, தம்மைச் சிறையிலிட்ட ஜெனரல் ஸ்மட்ஸுக்கே 1914இற் பரிசாக அனுப்பினார் காந்தி. 1939இற் காந்தியின் 70ஆம் பிறந்தநாளையொட்டி ஸ்மட்ஸ் அச்செருப்பைத் திருப்பியனுப்பிய செய்தி பலரும் அறிந்தது. சாதி இந்துக்கள் இழிதொழிலென ஒதுக்கிய தோல் வேலையைப் பனியா குலத்திற் பிறந்தவர் தம் கையாற் செய்தார் என்பதே இதிலுள்ள பெரிய செய்தி.

மேலும், மலத்தைத் திறந்த வெளியில் விடாது குழியிலிட்டு மண்ணால் மூடவேண்டும் என்பதை அவர் தம் ஆச்சிரமங்களில் விதியாக்கினார். அவ்வாறு மூடப்பட்டது பொன்னுரமாக மாறும் என்றார். மண்ணைத் தொடு என்று மட்டும் கூறி அவர் நின்றுவிடவில்லை. தொடுவதற்குரியதாக மண்ணைத் தூய்மையாக வைத்திரு என்றும் கூறினார். மண் தூய்மையாக இல்லாத இடத்தில் வெறுங்காலுக்கு நேர்வது யாது என்பதை அக்காலத்து விஞ்ஞானம் ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தது.

காலின் வழியே நுழைந்த பகைவன்

கெய்ரோ நகரில் ஆய்வு நடத்திய ஜேர்மனிய விஞ்ஞானி ஆர்தர் லூஸ், கொழுக்கிப்புழுவின் இளம்புழுக்கள் நிறைந்த நீர்த்துளி ஒன்று தம் கையில் தற்செயலாக விழுந்ததையும், அவ்விடம் சிவந்து அரிப்பெடுத்ததையும் கவனித்தார். சில வாரங்களின் பின் அவருடைய மலத்திற் கொழுக்கிப்புழுவின் முட்டைகள் காணப்பட்டன. வாய் வழியாகவே இப்புழு உடலினுட் செல்கிறது என்று எண்ணியிருந்த உலகுக்கு, அது தோலைத் துளைத்தே நுழைகிறது என்னும் உண்மையை 1898இல் அவர் அறிவித்தார். க்னைப் மறைந்து ஓராண்டே ஆகியிருந்தது. யுங்போர்ன் திறக்கப்பட்டு ஈராண்டே ஆகியிருந்தது.

இப்புழுவின் வாழ்க்கையை எண்ணிப் பார்த்தல் தகும். நோயாளியின் மலத்தோடு வெளியேறும் முட்டை, வெம்மையும் ஈரமும் நிழலும் உள்ள மண்ணிற் பொரிக்கின்றது. சில நாட்களுள் இளம்புழு வலுப்பெற்று, அவ்வழியே வரும் வெறுங்காலின் தோலில், பெரும்பாலும் விரலிடுக்கில், துளைத்து நுழைகின்றது. குருதியோடு நுரையீரலுக்குச் சென்று, தொண்டை வழியாக விழுங்கப்பட்டுக் குடலை அடைந்து, அங்கு பற்றிக்கொண்டு ஆண்டுக்கணக்காக இரத்தத்தை உறிஞ்சுகின்றது. முகம் வெளிறும்; மூச்சு இரைக்கும்; உழைக்க வலுவிராது; பிள்ளைகளின் உடல் வளராது, படிப்பு ஏறாது. கருவுற்ற தாய்மாருக்குச் சோகை உயிராபத்தாகும்.

இந்நோய் யாரைத் தேடிச் சென்றது? ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து 1872 முதல் 1882 வரை அமைக்கப்பட்ட சென் கோதார்ட் சுரங்கப்பாதையில் உழைத்த இத்தாலியத் தொழிலாளரிடையே பரவிய கொடிய சோகைக்கு இதுவே காரணம் என்பதை 1880இல் தூரின் நகரத்துப் பேராசிரியர் பெரொன்சித்தோ காட்டினார். ஐரோப்பாவின் பெருமை என்று போற்றப்பட்ட அப்பாதையின் உள்ளே, மலகூட வசதியின்றி, வெப்பமும் சேறும் நிறைந்த இருளில் உழைத்தவர்களின் இரத்தத்தை அது குடித்தது. அமெரிக்காவின் தென்மாநிலங்களிற் பருத்தி வயல்களில் வெறுங்காலோடு உழைத்த ஏழை வெள்ளையரையும் கறுப்பரையும் அது பற்றியிருந்தது. 1902இற் சார்ள்ஸ் ஸ்டைல்ஸ் இதனை எடுத்துரைத்தபோது, பத்திரிகைகள் இதற்குச் 'சோம்பேறித்தனத்தின் கிருமி' என்று கேலிப்பெயர் சூட்டின. தலைமுறை தலைமுறையாக ஏழைகளைச் சோம்பேறிகள் என்று இகழ்ந்தவர்கள், அவர்களின் குருதி எங்கே போயிற்று என்று அதுவரை வினவியதில்லை. 1909இல் எண்ணெய்க் கோமான் ரொக்பெல்லர் 10 இலட்சம் டொலரை இந்நோயொழிப்புக்கு வழங்கினார். அவ்வியக்கம் மருந்தையும் மலகூடத்தையும் சப்பாத்தையும் ஒருங்கே வலியுறுத்தியது. அங்கிருந்தே அது எமது நாட்டுக்கும் வந்தது.

மாத்தளைப் பாதை

இலங்கையின் மலையகத்திற் காடழித்துக் கோப்பி பயிரிட்ட துரைமாருக்குக் கூலியாட்கள் தேவைப்பட்டபோது, தமிழகத்தின் திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து பஞ்சத்தாலும் கடனாலும் சாதிக் கொடுமையாலும் நொந்தவர்கள் கங்காணிமாரின் பின்னே வந்தனர். தோணியில் மன்னார்க் கரையை அடைந்து, அங்கிருந்து காட்டுவழியே 100 மைலுக்கும் மேற்பட்ட தூரத்தை மாத்தளை வரை நடந்து கடந்தனர். நீரின்றியும் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியில் விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே கிடந்தனர். மண்ணோடு மனிதன் கொண்ட தொடர்பு அப்பாதையில் நெருக்கமாகவே இருந்தது: நடக்கும் கால் மண்ணில், இறக்கும் உடலும் மண்ணில்.

1869இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி அழிந்து தேயிலை வந்தது. பயிர் மாறியதேயன்றி உழைத்தவர்களின் வாழ்வு மாறவில்லை. வரிசையாகக் கட்டப்பட்ட லயங்களின் ஓரறையில் ஒரு குடும்பம் அடைந்து கிடந்தது. மலகூடம் இல்லாத தோட்டங்களில் தேயிலைச் செடிகளின் இடையே ஒதுங்குவதன்றி வேறு வழியில்லை. மழையும் வெம்மையும் நிழலும் சேர்ந்த அம்மண் கொழுக்கிப்புழுவுக்கு உகந்த தொட்டிலாயிற்று. விடியுமுன் பிரட்டுக்கு ஓடிய கால்கள் யாவும் வெறுங்கால்கள். அட்டை கடித்ததைக் கண்டு உதறலாம். கண்ணுக்குத் தெரியாது நுழைந்ததை உதறுவது எங்ஙனம்?

1916ஆம் ஆண்டில் ரொக்பெல்லர் நிறுவனத்தின் சர்வதேச சுகாதாரப் பிரிவு, மாத்தளைப் பகுதித் தோட்டங்களிற் கொழுக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியது. பரிசோதிக்கப்பட்ட தொழிலாளருட் பெரும்பாலோரின் உடலில் அப்புழு காணப்பட்டது. கெனப்போடியம் எண்ணெய் கொடுத்துப் புழுவை வெளியேற்றினர். மருந்துண்டவர்களின் முகத்தில் மீண்டும் இரத்த ஓட்டம் தெரிந்தது. ஆயின், சிகிச்சை பெற்றவர் மறுநாளும் அதே மண்ணை அதே வெறுங்காலோடு மிதித்தார். சில மாதங்களிற் புழு மீண்டும் குடிபுகுந்தது. மலகூடம் கட்டினாலன்றி நோய் தீராது என்று மருத்துவர் கூறினர். செலவைக் காட்டித் தயங்கினர் துரைமார் பலர். நோய் நீங்கிய கூலி அதிகம் கொழுந்து பறிப்பான் என்ற கணக்கைக் காட்டியே அவர்களை இணங்கச் செய்ய வேண்டியிருந்தது. ஒரு மனிதனின் இரத்தத்துக்கு மதிப்பு, அது எத்தனை இறாத்தல் கொழுந்தாக மாறும் என்பதைக் கொண்டே கணிக்கப்பட்டது.

அவ்வியக்கம் பயனின்றிப் போகவில்லை என்பதையும் நேர்மையோடு கூறவேண்டும். நோயைத் தனியே பிரித்து மருந்து கொடுப்பது போதாது, மக்கள் வாழும் சூழலையே மாற்றவேண்டும் என்னும் படிப்பினை அதிலிருந்து பிறந்தது. 1926இற் களுத்துறையில் அமைக்கப்பட்ட சுகாதாரப் பிரிவும், அதன்வழி நாடெங்கும் பரவிய பொதுச் சுகாதார சேவையும் அப்படிப்பினையின் விளைவுகளே.

செருப்புக்கு விதித்த தடை

தொழிலாளர் செருப்பு அணியாததற்கு வறுமை மட்டுமே காரணம் எனின், கூலி உயர்ந்ததும் அது தீர்ந்திருக்கும். அவர்கள் புறப்பட்டு வந்த கிராமங்களின் சட்டம் வேறொன்று இருந்தது. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிட மக்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். பொன், வெள்ளி நகைகள் அணியலாகாது. ஆண்கள் முழங்காலின் கீழும் இடுப்பின் மேலும் ஆடை உடுத்தலாகாது. பெண்கள் மேலாடை அணியலாகாது. மண்பாத்திரம் அன்றி வேறு பாத்திரம் வைத்திருத்தலாகாது என்றவாறு சென்ற அத்தடைகளுள், ஆண்கள் வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடித்தலாகாது, செருப்பு அணிதலாகாது என்பதும் ஒன்று. மீறியவர்களின் குடிசைகள் தீக்கிரையாயின.

எண்ணிப் பாருங்கள். மேலே வானத்துக்கும் தலைக்கும் நடுவே ஒரு குடையும், கீழே மண்ணுக்கும் காலுக்கும் நடுவே ஒரு தோலும் இருத்தல் ஆகாதாம். வெயிலும் சேறும் முள்ளும் புழுவும் நேரே உடலைத் தொடவேண்டும் என்பது சட்டம். அச்செருப்பைத் தைத்துக் கொடுத்தவனே அதனை அணிதல் ஆகாது என்பது அச்சட்டத்தின் உச்சக் கொடுமை. யாழ்ப்பாணத்திலும் சாதியின் பெயரால் ஆடைக்கும் கிணற்றுக்கும் கோயில் வாயிலுக்கும் தடைகள் இருந்தன என்பதையும், அவற்றுக்கு எதிராக 1966 ஒக்டோபர் 21இல் மக்கள் வீதியில் இறங்க நேர்ந்தது என்பதையும் எமது வாசகர்கள் அறிவர். வெறுங்காலை மேன்மை என்று பாடுமுன், அது எத்தனை கோடி மக்களுக்கு அடிமை முத்திரையாக இருந்தது என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்லும் பக்தன் வெறுங்காலை விரதமாகக் கொள்கிறான். வீடு திரும்பியதும் அவ்விரதம் முடிகின்றது. பிறப்பால் விதிக்கப்பட்ட விரதத்துக்கு முடிவு ஏது?

எதியோப்பிய மேட்டுநில உழவர் கதையும் இதுவே. எரிமலைப் பாறையிலிருந்து உருவான செம்மண்ணில் வாழ்நாளெல்லாம் வெறுங்காலோடு உழுவோரின் கால்கள் வீங்கித் தடிப்பதைக் கண்ட ஏர்னஸ்ற் பிரைஸ் என்ற மருத்துவர், அதற்குக் காரணம் கிருமியன்று, மண்ணிலுள்ள நுண்துகளே என்பதை 1970களில் நிலைநாட்டினார். அந்நோயைத் தடுக்கும் வழி எளியது: கால் கழுவ நீர், காலுக்குச் சப்பாத்து. அவ்வெளிய பொருள்களே ஏழைக்கு எட்டாதவை.

விற்பனைக்கு வந்த பூமி

இனி, இக்காலத்துக்கு வருவோம். 1838இல் மியூனிக் விஞ்ஞானி ஸ்ரைன்ஹைல், தந்திக்கு இரண்டாவது கம்பி வேண்டியதில்லை, பூமியே மின்னோட்டத்தைத் திருப்பிக் கொண்டுவரும் என்று கண்டறிந்தார். புவித்தொடுப்பு என்னும் மின்னியற் கருத்தை இன்று வீடுதோறும் ஏர்த்துக் கம்பியாகக் காண்கிறோம். இக்கருத்தை மனித உடலுக்குப் பொருத்தினார் அமெரிக்கரான கிளின்ரன் ஓபர். கேபிள் தொலைக்காட்சித் தொழிலில் இருந்து ஓய்வு பெற்ற அவர், இறப்பர் அடியுடைய சப்பாத்து மனிதனைப் பூமியிலிருந்து மின்வழியே துண்டித்துவிட்டது என்றும், அதுவே பல நோய்களுக்குக் காரணம் என்றும் 1998 முதல் வலியுறுத்தினார். 2010இல் அவரும் இருவரும் சேர்ந்து எழுதிய நூல் இக்கொள்கையைப் பரப்பியது. கம்பி பொருத்திய விரிப்புகளும் படுக்கைத் துணிகளும் விற்பனைக்கு வந்தன. யூஸ்றின் மண்பொதியைப் போலவே பூமியின் தொடுகையும் இப்போது விலைக்குக் கிடைக்கின்றது.

இதன் விஞ்ஞான நிலை யாது? வெறுங்கால் ஈரமண்ணைத் தொட்டால் உடலில் தேங்கிய மின்னேற்றம் பூமிக்குச் செல்லும் என்பது பௌதிக உண்மை. அதனால் நோய் தீரும் என்பது நிறுவப்படவில்லை. இதுகாறும் வெளிவந்த ஆய்வுகள் பெரும்பாலும் மிகச் சிலரை வைத்துச் செய்யப்பட்டவை. அவற்றுட் பலவற்றை எழுதியோர் அப்பொருள்களின் விற்பனையோடு தொடர்புடையவர்கள். புல்வெளியில் நடப்பவருக்குக் கிடைக்கும் அமைதி பொய்யன்று. திறந்த வெளியும் நடையும் ஓய்வும் மனத்துக்கு இதமளிக்கும் என்பதை அறிய மின்கம்பி வேண்டியதில்லை. அவ்வமைதிக்குத் தேவையானவை நான்கு: தூய நிலம், ஓய்வு நேரம், அந்நிலத்தில் நிற்கும் உரிமை, வீடு திரும்பியதும் அணியக் காலணி. இந்நான்கும் உடையவர்களே இக்கொள்கையின் வாடிக்கையாளர்கள்.

மறுபுறத்தில், மண்வழிப் பரவும் குடற்புழுக்கள் உலகில் ஏறத்தாழ 150 கோடி மக்களிடம் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. மாத்திரை உண்டு, அதன் விலை சொற்பம். மலகூடமும் தூயநீரும் காலணியும் இல்லாத இடத்தில் அம்மாத்திரை செய்வதும் 1916இல் கெனப்போடியம் எண்ணெய் செய்ததே.

எமது மலையகத்தை மீண்டும் நோக்குவோம். 2023 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில், மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்த 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்தது. முன்னோர் நடந்த பாதையிற் பிள்ளைகள் நடந்தனர். அவர்கள் எழுப்பிய கோரிக்கைகளுள் காணி உரிமை முதன்மையானது. 1948இற் குடியுரிமை மறுக்கப்பட்டு, 1964இல் இரு அரசுகளாற் பங்கிடப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே நாடற்றோர் என்னும் பெயர் நீங்கப்பெற்ற மக்கள் அவர்கள். வீடு கட்ட 7 பேர்ச் காணி என்னும் திட்டமும் எல்லோரையும் எட்டவில்லை. 2014 ஒக்டோபர் 29இற் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை முன்பே விடுக்கப்பட்டிருந்தும், குடிபெயர்ந்து செல்ல அம்மக்களுக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் இருக்கவில்லை. ஐந்தாறு தலைமுறைகளாக நாள்தோறும் மண்ணைத் தொட்டவர்களுக்கு அம்மண்ணில் ஒரு பிடியும் உரிமையாகவில்லை.

ஆகவே, மண்ணோடு இணைவோம் என்னும் அறைகூவலை நாம் மறுக்கவில்லை. அதனை முழுமையாக்கக் கோருகின்றோம். மண்ணைத் தொடும் இன்பம் சிலரின் ஓய்வுநேரச் சிகிச்சையாகச் சுருங்கிவிடலாகாது. உழுபவனுக்கு நிலமும், லயத்திற் பிறந்த குழந்தைக்கு முற்றமும், முற்றத்துக்கு அப்பால் ஒரு மலகூடமும், அக்குழந்தையின் காலுக்கு ஒரு சோடிச் செருப்பும் முதலிற் கிடைக்கட்டும். செருப்பை அணியவும் கழற்றவும் உரிமை பெற்ற மனிதன், தன் சொந்த முற்றத்தில் அதனைக் கழற்றி வைத்துவிட்டு மழை நனைத்த மண்ணில் இறங்கும் நாளில், வெறுங்காலின் இன்பம் எல்லோர்க்கும் பொதுவாகும். அந்நாளுக்காகப் போராடுதலே மண்ணின்மேற் பற்றுடையோர் செய்யத்தக்க கடமை.